கோல்கீப்பரின் அப்பா

"பையன் மேல குறையே இல்லப்பா. அவங்கப்பாதான் குட்டை."

அத்திப்பள்ளியில் நான் ஏறிய ஓசூர் பஸ்ஸில், முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இருவர் சட்டையிலும் பெங்களூர் கால்பந்து கிளப்பின் முத்திரை. அன்று காலைதான் அந்தக் கிளப்பின் தேர்வில் என் மகனைக் கழித்துவிட்டிருந்தார்கள்.

"கோல்கீப்பர் பையன்தானேண்ணா? வந்த பந்தையெல்லாம் புடிச்சானே!"

"அவன் பையத் தூக்கிட்டு ஒருத்தரு நின்னாரில்ல, அவரப் பாத்துட்டாரு மேனேஜர். பையன் இதுக்கு மேல வளர மாட்டான்னு முடிவு பண்ணிட்டாரு."

பையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மகனைப் பைக்கில் கூட்டிவந்தவர். நான் பயத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"அப்ப எடுத்த பையன்?"

"அவங்கப்பா ஆறடி."

"அவன் ஒரு பந்துகூடப் புடிக்கலயேண்ணா!"

"புடிக்கக் கத்துக்குடுத்துக்கலாம். உசரத்த எங்க போய் கத்துக்குடுக்கறது?"

"அப்ப அந்த அப்பாவையே கோல்ல நிறுத்திக்க வேண்டியதுதானே!"

ஓசூர் வந்துவிட்டது. நான் எழுந்தேன். மூத்தவர் திரும்பி, அண்ணாந்து பார்த்துப் பதறினார்.

"பாத்து மேடம், குனிஞ்சு வாங்க. மேல கம்பி தலையில இடிச்சிடும்."