கழுத்தில் கட்டிய வழி

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் ரயில் பெட்டியில் ஏறிய ஓர் அம்மாள், எதிர் சீட்டுப் பெண்ணின் கழுத்தையே முறைத்துப் பார்த்தார். அவள் கட்டியிருந்த கறுப்புப் பட்டு ஸ்கார்ஃபில் வட்டங்களும் அவற்றைச் சேர்க்கும் புள்ளிக் கோடுகளும் இருந்தன.

"ஏம்மா, மைன் பிளானைக் கழுத்துல கட்டிக்கினு போறியே! ஆபீஸ்ல பாத்தா உன் வூட்டுக்காரர் வேலை இன்னா ஆவும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பிளான் இல்லக்கா. எங்கண்ணன் ஆஸ்திரேலியாவுல இருந்து அனுப்பினது. அந்த மண்ணோட ஆதிகுடி அம்மா ஒருத்தங்க வரைஞ்சாங்களாம். வட்டமெல்லாம் தண்ணி ஊறுற எடம். கோடெல்லாம் அவங்க பாட்டன் பூட்டன் நடந்த வழி."

"நான் வட்டத்தை உள்ள எறங்குற ஷாஃப்ட்டுன்னு நெனச்சேன், கோட்டை அடியில போற லெவலுன்னு. எங்க வூட்டுக்காரர் சாப்ட்டுட்டு இப்படித்தான் தரையில சாக்பீஸால வரைவாரு. முப்பது வருசமா பூமிக்குள்ள நடக்குறாரே, அந்த வழியை."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நான் தொடைச்சிடுவேன்."

"இனிமே தொடைக்காதீங்கக்கா. வழியைச் சொல்லுங்க, நான் துணியில பூத்தையல் போட்டுத் தரேன். நீங்களும் கட்டிக்கலாம்."

அம்மாள் முந்தானையை மடியில் விரித்து விரலால் கோடு இழுத்தார். "இங்க ஆளுங்களை ஏத்திக்கினு கேஜ் எறங்கும்..."

கடைசி ஸ்டேஷனான பங்காருப்பேட்டையில் மற்ற எல்லோரும் இறங்கிவிட்டோம். அந்த அம்மாள் அப்போதுதான் பத்தாவது லெவலுக்கு வந்திருந்தார்.