இடது குதிகால்

— இப்ப வலது காலைத் தூக்குங்க அங்கிள்.

— அது நல்ல காலாச்சே சத்யா! மூணு மாசமா நீ வைத்தியம் பார்க்கறது இடது காலுக்குன்னா?

— தூக்குங்களேன். முட்டி மடங்கக் கூடாது.

— தூக்கறேன், தூக்கறேன். ஆமா, உன் கை எதுக்கு இடது குதிகாலுக்கு அடியில இருக்கு?

— சும்மாதான் இருக்கு. நீங்க வலது காலைத் தூக்குங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... ம். போதும். இறக்கிடுங்க.

— என்னடிம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுத்து?

— ஒண்ணுமில்ல. இப்ப இடது கால்.

— அதான் வராதே. நீயே பாரு... ம்ம்ம்... ம்ம்ம்... ஊஹும். மரக்கட்டை!

— நல்லா முக்குறீங்க, ஆனா... சரி விடுங்க. உங்க கையைக் குடுங்க.

— கைக்கு என்ன கேடு?

— நீங்க முப்பது வருஷமா ஸ்டெனோதானே? டைப் அடிங்க. இந்தப் போர்வை மேலயே.

— அசடு! என்னத்தை அடிக்கறது?

— எதையாவது. "டியர் சார்"னு அடிங்க. இப்ப முழங்கைக்குக் கீழ, நான் பிடிச்சிருக்கற இடத்தைப் பாருங்க. என்ன தெரியுது?

— அட! உள்ளே என்னமோ ஓடறதே... சுண்டெலி மாதிரி.

— அதான் தசை. விரலுக்குள்ள தசையே கிடையாது அங்கிள். விரலை மடக்குற வேலை முக்காவாசி இங்கருந்துதான் நடக்குது. இங்கருந்து தசைநார் கயிறு மாதிரி விரல் வரைக்கும் போகுது. இங்க இழுத்தா அங்க மடங்கும்.

— முப்பது வருஷம் விரல்தான் அடிக்கறதுன்னு நெனைச்சிண்டிருந்தேனே! உழைக்கறது ஒருத்தன், பேர் வாங்கறது இன்னொருத்தன். எங்க ஆபீஸேதான்.

— இன்னொண்ணு கேளுங்க. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியாது. அதனால தனியா ஒண்ணும் பண்ண முடியாது. மடக்க ஒண்ணு, நீட்ட ஒண்ணு. ஒண்ணு சுருங்கும்போது எதிர்ல இருக்கறது தளர்ந்து குடுக்கணும்.

— ஆம்படையான் பொண்டாட்டி மாதிரிங்கறே.

— அப்படியே வெச்சுக்குங்க. கால்லயும் அதே கதைதான். வலது காலைத் தூக்கணும்னா இடுப்பு ஆடாம நிக்கணும். அதுக்கு இடது குதிகால் கட்டில்ல நல்லா ஊனி அழுத்தும். நீங்க சொல்லவே வேணாம், தானா அழுத்தும். வேணாம்னு நெனைச்சாக்கூட நிறுத்த முடியாது. அங்கிள், வலது காலைத் தூக்கினப்ப உங்க இடது குதிகால் என் கையை நசுக்கிடுச்சு. மரக்கட்டை நசுக்குமா?

— மெதுவா பேசு... உன் ஆன்ட்டி உள்ளே இருக்கா.

— மிக்ஸி ஓடுது, கேக்காது. இது மட்டும் இல்ல. வாராவாரம் டேப் வெச்சுத் தொடையை அளக்குறேன்ல? மூணு மாசம் அசையாம கிடந்தா அந்தத் தொடை பாதியா இளைச்சிருக்கணும். உங்களுக்கு ரெண்டும் ஒரே அளவு. எனக்கு ரெண்டு வாரமா சந்தேகம். கேக்க வெக்கமா இருந்துச்சு... எங்கப்பா வயசு உங்களுக்கு. எப்ப நடக்குறீங்க?

— அவ லேக் மார்க்கெட் போறச்சே... ஜன்னல் வரைக்கும். துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்றான் பாரு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்து படுத்துப்பேன்.

— அப்ப விழுந்ததே பொய்யா?

— சத்தியமா இல்லைம்மா! ரத யாத்திரை வாரம் காளிகாட் மெட்ரோ படியில விழுந்தேன், நாலு பேர் தூக்கிண்டு வந்தா. நரம்பு அமுங்கியிருக்குன்னு டாக்டரே சொன்னார். மூணு வாரம் நெஜமாவே அசையலை. அப்புறம் ஒரு நாள் கார்த்தால... கட்டைவிரல் அசைஞ்சுது. சந்தோஷம் தாங்கலை. விஜயான்னு கூப்பிட வாயைத் திறந்தேன்...

— திறந்து?

— மூடிண்டேன்.

— ஏன்?

— கால் சரியாயிட்டா ஆபீஸ் போகணுமே.

— போனா என்னவாம்?

— உனக்குப் புரியாது... மூணு டைரக்டருக்கு ஸ்டெனோவா இருந்தவன் நான். அவா பாதி வாக்கியம் சொல்றதுக்குள்ளே மீதியை நான் எழுதி முடிச்சிருப்பேன். ரெண்டாயிரம் பொறந்ததும் ஆபீஸ் பூரா கம்ப்யூட்டர். புது டைரக்டர் எங்க பிள்ளை சந்தீப் வயசு, தானே இ-மெயில் அடிச்சுக்கறான். என்னைக் கொண்டுபோய் வாசல்ல உட்கார வெச்சுட்டா. வரவாளுக்கு எல்லாம் சீட்டு எழுதிக் குடுக்கணும். கழுத்துல ஒரு அட்டை வேற.

— ஆன்ட்டிகிட்ட சொல்லலையா?

— எப்படிச் சொல்றது? தினம் அதே டை கட்டிண்டுதான் கிளம்பினேன். விழுந்த அன்னிக்கு நம்ம தமிழ்ச் சங்கத்து நாகரத்தினம் எதிர்ல வந்து நிக்கறான். "என்ன சீதாராமன் சார், வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க?"ன்னான். அவன் பேரை எழுதினேன் பாரு... எழுத்து கோணிப் போச்சு. என் எழுத்து! அதே நெனைப்போட படி இறங்கினவன்தான், கால் தடுக்கிடுத்து.

— பாவம்தான் அங்கிள். அதுக்காக ஆன்ட்டியை இப்படி...

— தெரியும். நான் மனுஷனே இல்லை. அவ என்னைத் தூக்கி நிறுத்தி பாத்ரூமுக்கு அழைச்சிண்டு போறச்சே உடம்பெல்லாம் கூசிப் போறது. நாளைக்குச் சொல்லிடணும், நாளைக்குச் சொல்லிடணும்னு...

— உங்களுக்குத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கியிருக்காங்க. நேத்து ஆன்ட்டி எங்க டாலிகஞ்ச் கிளினிக்குக்கு வந்தாங்க.

— எதுக்கு?

— முதுகு. இடுப்புக்கு மேல தசை கல்லாட்டம் இறுகிக் கிடக்கு. குனிஞ்சா நிமிர முடியல. இன்னும் ஒரு மாசம் உங்களைத் தூக்கினா அவங்கதான் படுத்துடுவாங்க. அது நடிப்பா இருக்காது.

— ஐயோ... ஈஸ்வரா...

— நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— பூஜை முடியட்டும், பத்தே நாள்...

— அங்கிள்!

— சொல்றேன், சொல்றேன்... மூஞ்சியை எங்கேடிம்மா வெச்சுப்பேன்?

— உஷ்... மிக்ஸி நின்னுடுச்சு.

— ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு? இந்தா சத்யா, காபி. ஏன்னா, எழுந்துக்கறேளா? முதுகுக்குத் தலகாணி வெக்கறேன், இருங்கோ...

— குனியாதே விஜயா! நானே... நீ குனியாதே.

— காபி வேணாம் ஆன்ட்டி, பெஹாலால ஒரு பேஷன்ட் காத்துட்டிருக்காங்க. அங்கிள் உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம். வரேன்!

— கதவைக்கூட சாத்தாம இந்தப் பொண்ணு ஏன் இப்படி ஓடறது? ...என்ன சொல்லணும்?

— உட்காரேன் விஜயா. வேண்டாம், நில்லு... என் இடது காலைப் பாரு.

— பார்த்துண்டுதான் இருக்கேன்.

— அசையறது.

— ஆமாம். அசையறது.

— உனக்கு ஆச்சரியமா இல்லையா? இன்னிக்கு இல்லை விஜயா, ரெண்டு மாசமா அசையறது. நான் உன்னை ஏமாத்திண்டு...

— தெரியும்.

— சத்யா சொன்னாளா?

— அவ எதுக்குச் சொல்லணும்? ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள் மழை கொட்டித்தே, நான் மார்க்கெட்ல மாட்டிண்டேனே? நனைஞ்சிண்டு வந்து பார்த்தா, மொட்டைமாடியில காயப்போட்ட துணியெல்லாம் கட்டில் மேல மடிச்சு இருந்தது. கீழ்வீட்டு பெங்காலி மாமி, மாஷிமா, எடுத்துக் குடுத்தான்னேள்.

— ஆமா... அப்படித்தான் சொன்னேன்.

— மாஷிமா நாலா மடிப்பா. இது எல்லாம் மூணு மடிப்பு, கவர்ல போடற லெட்டர் மாதிரி. உங்க பனியன்கூட! இந்த கல்கத்தாவுல பனியனை அப்படி மடிக்கற மனுஷர் ஒருத்தர்தான்.

— துணி நனையறதேன்னு... ஓடிட்டேன். யோசிக்கவே இல்லை.

— வாசல்ல உட்கார வெச்சதும் தெரியும். நாகரத்தினத்தோட சம்சாரம் கோயில்ல சொன்னா. கேட்டுட்டு வந்து அடுக்களையில நின்னுண்டு அழுதேன்.

— எல்லாம் தெரிஞ்சுமா இத்தனை நாள் என்னைத் தூக்கினே? முதுகை ஒடிச்சிண்டு, கிளினிக்குக்குத் திருட்டுத்தனமா போயிண்டு... ஏன் விஜயா? கேட்டா நான் அவமானப்படுவேன்னா?

— அப்படிச் சொல்லிண்டா நான் ரொம்ப நல்லவளாயிடுவேன். அது இல்லை.

— பின்னே?

— என்னைப் பார்க்காதேங்கோ, சொல்றேன். அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ...

— திரும்பிண்டாச்சு. சொல்லு.

— தூக்கறச்சே ரெண்டு கையாலயும் என் கழுத்தைக் கட்டிப்பேளே... கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல நீங்க என்னை அப்படிக் கட்டிண்டதே இல்லை. கால் சரியாயிட்டா அது நின்னுடுமேன்னுதான்... நானும் வாயைத் திறக்கலை.