கதவுப் பக்கம் ரோஸ் வெங்காயம்

— காப்பியும் வாணாம், தண்ணியும் வாணாம். மொதல்ல இதுல ஒரு கையெழுத்து போடு நளினி. மிச்சத்த அப்பறம் பேசலாம்.

— நல்லா கீதுண்ணா. பூஜைக்கு அப்பறம் இந்த ஊரிகம் பக்கமே நீ தல காட்டல. இன்னிக்கி ஞாயித்துக்கெழம மத்தியானம் அப்பனும் புள்ளயுமா காருல வந்து எறங்கி, செருப்பு கூட கழட்டாம நடு வூட்ல நின்னுகினு கையெழுத்து போடுன்ற. தங்கச்சி எப்டி கீறேன்னு ஒரு வார்த்த கேட்டியா?

— அத்த, சும்னே டென்ஷன் ஆவாதீங்க. சிம்பிள் ஸ்டேட்மெண்ட். நாளைக்கு மெட்ராஸ் கஸ்டம்ஸ் ஆபீஸ்ல குடுக்கறதுக்கு.

— நீ சும்மா இர்ரா ஹரிஷ். உங்கப்பன் வாயால சொல்லட்டும்.

— சொல்றதுக்கு இன்னா கீது? கண்டெய்னர புடிச்சிட்டானுங்க. மலேசியா போவ வேண்டியது, ஹார்பர்லயே நிக்குது. ஏஜெண்டு நேத்து போன் பண்ணான். கம்பெனி லைசென்ஸ்ல பேர் கீறவங்க நேர்ல வரணுமாம். லைசென்ஸ் உம் பேர்ல கீது, ஹரிஷ் பேருக்கு ஒரு பார்ட்னரு. நீ போவணும். அவ்ளோதான்.

— எதுக்கு புடிச்சாங்களாம்?

— வெங்காயம் கொஞ்சம் கலந்துபோச்சு.

— கொஞ்சம்னா?

— தோ பாரு, குறுக்கு விசாரண பண்றதுக்கு நான் வரல.

— கஸ்டம்ஸ்காரன் பண்ணுவான்ல? அவன்கிட்ட நான் இன்னா சொல்றது? எங்கண்ணன் சொன்னான், கொஞ்சம்னு?

— டாடி, நான் எக்ஸ்ப்ளெயின் பண்றேன். அத்த, பெரிய வெங்காயம் வெளிய அனுப்புனா அரசாங்கம் வரி போடுது, செம வரி. ரோஸ் வெங்காயத்துக்கு வரி இல்ல. தோட்டக்கல ஆபீஸ்ல இது ரோஸ் வெங்காயம்தான்னு ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்க, அது இருந்தா போதும். பூதிகோட்ட தோட்டத்த காட்டி சர்டிபிகேட் வாங்குனோம். அங்க ரோஸ் நெறைய இருக்கு. ஆனா இந்த தடவ விளைச்சல் கம்மி, மழ. அதனால...

— அதனால?

— கதவு பக்கம் ரோஸ். உள்ள பெரிசு.

— உள்ளன்னா எம்மாந்தூரம்?

— கடேசி வரைக்கும் அத்த.

— அடப் பாவிங்களா! ராபர்ட்சன்பேட்ட சந்தையில மூட்டைக்கு மொகம் வக்கிற மாதிரி, கண்டெய்னருக்கே மொகம் வச்சி அனுப்பிட்டீங்களா?

— ஊர்ல எவன் வக்கல? நல்ல சரக்கு மேல, சுமாரானது கீழ. நம்ம நைனா வச்சாரு. பக்கத்து கடைக்காரன் வக்கிறான். வாங்கறவன் மேல கைய வுட்டு பாக்கறான், எடுத்துகினு போறான். யாவாரம்னா அதுதான்.

— சந்தையில மேலதான் பாப்பான். அங்க சீல உடைச்சி கடேசி மூட்ட வரைக்கும் கீழ எறக்குவானே, அது தெரியாதா உனக்கு?

— எல்லாத்தயும் எறக்க மாட்டானுங்கன்னு ஏஜெண்டு சொன்னான்.

— ஏஜெண்டு போறானா நாளைக்கு? போவமாட்டான். நளினிதான் போவணும். குடு இப்டி அந்த காகிதத்த.

— கையெழுத்து கீழ போட்டா போதும் அத்த. படிக்க வாணாம், லீகல் இங்கிலீஷ்.

— நானும் நன்ஸ் ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் படிச்சவதான்டா. லீகல் இங்கிலீஷ் என்ன கடிச்சிடாது. "சரக்கை ஏற்றியபோது உடனிருந்தது நான் மட்டுமே." ஓகோ. "கூலியாட்கள் தவறுதலாகக் கலந்ததை நான் கவனிக்கவில்லை." சரி. "என் அண்ணன் கங்காதரனுக்கும் அவர் மகன் ஹரிஷ்குமாருக்கும் இந்த ஏற்றுமதியில் எந்தத் தொடர்பும் இல்லை." அண்ணா, இத நீயே சொல்லி அடிக்க சொன்னியா, இல்ல இவன் மூளையா?

— வக்கீலு அடிச்சது.

— அந்த வெங்காயம் எங்க ஏத்தனீங்கன்னு கூட எனக்கு தெரியாது. ரோஸ் வெங்காயம் நம்ம வூட்ல கொழம்புக்கு கூட போடறதில்ல. காரம், எல்லாம் வெளிநாட்டுக்கு போறது. நான் கூட நின்னு ஏத்தனனாம்!

— நிக்கலதான். இப்ப நின்னன்னு சொல்லு. பொம்பளன்னு பாத்து அபராதத்தோட வுட்ருவானுங்க. அபராதத்த நான் கட்றேன், நீ அஞ்சு பைசா குடுக்க வாணாம். இவன் போனா இவன் வாழ்க்க போச்சு. அடுத்த மாசம் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. கஸ்டம்ஸ் கேஸ் கீறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?

— எம் பொண்ணு? பவ்யா வேல பாக்கறது எங்கன்னு ஞாபகம் கீதா? காலைல இருட்டோட ரயில் புடிச்சி பெங்களூர் போறா பாரு, அது கார்கோ ஆபீஸ். நாள் பூரா கஸ்டம்ஸ் காகிதம்தான் அவளுக்கு. அவங்கம்மா கஸ்டம்ஸ ஏமாத்தனவன்னு எழுதி வச்சிட்டா, அவ அந்த சீட்ல ஒக்காரத்தான் முடியுமா? வேல போயி நடுத்தெருவுக்குதான் வரணும்.

— வேற வேல தேடிக்கட்டும். பெங்களூர்ல வேலக்கா பஞ்சம்?

— உம் புள்ளைக்கு வேற பொண்ணு தேடிக்கயேன். பெங்களூர்ல பொண்ணுக்கா பஞ்சம்?

— ஏய்! வாய அடக்கு. மைன் லைன் வூட்டுக்காரன இஸ்துகினு போனவளுக்கு இவ்ளோ வாயா? மைன் கூலி ஆளுங்க பரம்பரையில போயி வுழுந்த. தங்க மைன் மூடனதும் உம் புருஷன் மூல மூலையா நின்னான். அப்பறம் அவனும் போயிட்டான். உனக்கு கம்பெனின்னு ஒண்ணு ஆரம்பிச்சி, நளினி எக்ஸ்போர்ட்ஸ்னு போர்டு போட்டு, ஒரு மனுசின்னு பேர் வாங்கி குடுத்தது ஆரு? நான்.

— பொம்பள பேர்ல கம்பெனின்னா பேங்குல வட்டி கம்மி. அதுக்கு எம் பேரு. லாபத்துல ஒரு தீவாளி பொடவ. எம் மாமனார் ஷாஃப்ட்ல எறங்கறதுக்கு முன்னாடி பலகையில அவரு டோக்கன மாட்டிட்டு போவாரு. கீழ யாரு கீறாங்கன்னு மேல கீறவங்களுக்கு அதான் கணக்கு. நீ இன்னா பண்ண? என் டோக்கன மாட்டிட்டு நீ எறங்கின. இப்ப பாற சரிஞ்சிடிச்சி, என்ன தோண்ட சொல்ற.

— அத்த, டிராமா வாணாம் ப்ளீஸ். ட்ரெயினுக்கு டிக்கெட் போட்டாச்சு. பங்காருபேட்டலேர்ந்து ஏசி கோச். வக்கீல் மெட்ராஸ் ஸ்டேஷனுக்கே வருவாரு.

— ஏசி கோச்சா! எங்கல்யாணத்துக்கு கூட ஆட்டோ அனுப்பாத வூடு. ஏண்டா, எனக்கு ஒரு டிக்கெட்டா, இல்ல கூட யாராவது வராங்களா?

— உங்களுக்கு மட்டும்தான்.

— அதான பாத்தேன்.

— நளினி, கடேசியா கேக்கறேன். போவியா, மாட்டியா?

— அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். நீ உண்மைய சொல்லு. சொல்லிட்டன்னா, நான் போயி நிக்கறதப் பத்தி யோசிக்கறேன்.

— கேளு.

— நைனாவோட மண்டியில எனக்கு ஒரு பங்கு இருந்திச்சி. நைனாவே எழுதி வச்சது. போன ஆடி மாசம் பவ்யா மேல படிக்கணும்னு சொல்லிச்சேன்னு பேங்குல கடன் கேட்டு போனேன். மண்டியில நான் பார்ட்னருன்னு சொன்னேன். அவன் கம்ப்யூட்டர பாத்துட்டு, நீங்க எப்பவோ விலகிட்டீங்களேம்மான்றான். அவ்ளோ ஜனத்துக்கு நடுவுல நான் நின்னேன் பாரு, ஷாஃப்ட்ல வுழுந்தா கூட அப்டி இருக்காது. எப்ப விலகனேன்? நீயே சொல்லு.

— அது பழைய கத.

— எனக்கு புது கத. எதோ ஒரு வருஷம் ஆயுத பூஜ அன்னிக்கிதான? தராசு, கல்லு, கணக்கு நோட்டு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சி, பக்கத்துல தட்டுல வருஷத்துக்கு தேவையான காகிதத்த கட்டா வச்சிருப்ப. சாம்பிராணி போட்டதும் எல்லாரையும் வரிசையா ஒக்கார வச்சி கையெழுத்து வாங்குவ. அந்த கட்டுக்குள்ள எம் பங்கு காகிதத்த வச்சிட்ட. தெரிஞ்சிதான வச்ச?

— எனக்கு இன்னா தெரியும்? ஆடிட்டர் குடுத்த கட்டு. அத அப்டியே தூக்கி வச்சேன்.

— கட்ட நீ பிரிக்கவே இல்ல?

— சாமி முன்னால வச்ச காகிதத்த எவனாவது படிப்பானா? நைனா காலத்துலேர்ந்து நம்ம வூட்ல அந்த வழக்கம் கெடையாது. வச்சா, கும்புட்டுட்டு கையெழுத்து போடணும். படிச்சா நம்பிக்க இல்லன்னு அர்த்தம். நான் போட்டேன், நீ போட்ட, இவன் போட்டான். அதுக்கு என்ன திருடன்றியா?

— திருடன்னு சொல்லல. உண்மைய சொல்லுன்னேன்.

— இதுதான் உண்ம. நைனா மேல சத்தியம்.

— நைனாவ எதுக்குண்ணா இழுக்கற. ம். சரி. அது முடிஞ்சிபோச்சி.

— அப்ப போறியா?

— போவமாட்டேன்.

— அப்ப இத கேட்டுக்கோ. நீ நாளைக்கு அந்த ரயில்ல ஏறலன்னா, பவ்யா ஆபீசுக்கு நானே போன் போடுவேன். உங்க ஆபீஸ்ல வேல செய்யற பொண்ணோட அம்மா கஸ்டம்ஸ் கேஸ்ல தேடற ஆளுன்னு சொல்லுவேன். நாள கழிச்சி அவ எந்த ரயில்லயும் ஏற வேண்டியதில்ல. வூட்டோட ஒக்காந்துக்கலாம், ஆத்தாளும் பொண்ணும்.

— டாடி, போதும்...

— நீ மூடு! சொந்த அண்ணன் மவன் ஜெயிலுக்கு போவட்டும்னு ஒக்காந்து கீறா, இவளுக்கு இன்னா பாவம் பாக்கறது?

— மாமன்காரன் வாயால இது வருது பாரு. பவ்யாவுக்கு காது குத்தறப்ப உம் மடியில ஒக்காந்து அழுதாண்ணா அவ.

— கையெழுத்து போடு, நான் போன் பண்ணல.

— நில்லு. நாளைக்கு யாரு வரணும்னு கஸ்டம்ஸ்காரன் எழுதி அனுப்பி கீறான்ல, அத நீ கண்ணால பாத்தியா?

— ஏஜெண்டு சொன்னான். லைசென்ஸ்ல கீறவங்கன்னு. அப்பறம் இன்னா பாக்கறது?

— கம்பெனி அட்ரஸ் இந்த வூடுதான? நீதான போட்ட, உன் கடைக்கு ரெய்டு கிய்டு வரக் கூடாதுன்னு. தபால் முந்தாநேத்தே வந்துடிச்சி. தோ, டிவி பக்கத்துல. ஹரிஷ், எடு. உனக்குதான் லீகல் இங்கிலீஷ் வருமே. சத்தமா படி.

— சம்மன் அத்த இது... "நளினி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர்கள்"...

— மேல படிடா, இன்னாத்துக்கு நிறுத்தற?

— டாடி... இதுல அத்த பேர் இல்ல.

— சரியா பாருடா. நீயும் அவளும்தான பார்ட்னருங்க. உன்ன சும்மா கணக்குக்கு சேத்தது. அவ பேருதான் மொதல்ல இருக்கும்.

— இல்ல டாடி. ரெண்டே பேருதான். ஹரிஷ்குமார். கங்காதரன்.

— இன்னாடி இது? நான் எங்கேர்ந்து வந்தேன் இதுக்குள்ள? ரெண்டு மாசமா சரக்கு போவுது, அதே லைசென்ஸ் நம்பருதான!

— நம்பர் அதேதாண்ணா. ஆளு மாறனா நம்பர் மாறாது, பவ்யா சொல்லிச்சி. அதான் உங்களுக்கும் தெரியல, ஏஜெண்டுக்கும் தெரியல. நான் விலகிக்கறேன், என் எடத்துல எங்கண்ணன் வராருன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதியாச்சு. நோட்டரி முத்திர போட்டு, பவ்யாவே ஆன்லைன்ல ஏத்திட்டா. வெங்காயத்துல நீங்க மொகம் வக்கப் போறீங்கன்னு சத்தியமா எனக்கு தெரியாது. ஆடி மாசத்துக்கு அப்பறம் உங்கூட எந்த காகிதத்துலயும் நான் இருக்க வாணாம்னு நெனச்சேன். அவ்ளோதான்.

— பொய்! நான் எதுலயும் கையெழுத்து போடல. பொய் கையெழுத்து போட்டு கீறா, நாளைக்கே போலீசுக்கு போறேன்!

— டாடி, கவருக்கு அடியில அந்த பத்திரத்தோட கலர் ஜெராக்ஸ் இருக்கு. இது உங்க கையெழுத்துதான். இது என்னுது. மூலையில எதோ செவப்பா கற கூட இருக்கு.

— எப்படா போட்டோம் இத? எங்க போட்டோம்?

— கற இல்ல ஹரிஷ், குங்குமம். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு தட்டுல கட்ட அடுக்கனது நான்தாண்ணா. சாமி முன்னால வச்ச காகிதம், நீ படிக்கவே இல்ல.