தீனி என் பொறுப்பு

ஆய்வுக்கூட எலி கடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. அப்படியெல்லாம் இல்லை. வாலைப் பிடித்துத் தூக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினால் சமர்த்தாக வரும்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிற நோய்க்கு மருந்து தேடுகிற கூடம் எங்களுடையது. மருந்தைச் சோதிக்க அந்த நோயுள்ள உயிர் வேண்டும். எலிக்கு அது லேசில் வராது. நாங்கள்தான் வரவழைக்க வேண்டும். அப்படி வரவழைத்த எலிக்கு மாடல் என்று பெயர். கத்தி வைத்துச் செய்வது ஒரு வழி. தீனியில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலப்பது இன்னொரு வழி. கத்தி எங்கள் தலைவருடையது. தீனி என் பொறுப்பு.

அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. கை கொஞ்சம் தாராளமாகப் போனால் எலி செத்துவிடும். செத்த எலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நோயும் வர வேண்டும், உயிரும் இருக்க வேண்டும். அந்தப் பக்குவத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருநாள் தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார், "உன் கையில ஒரு எலி கூட சாகறதில்லம்மா. பெத்த தாய் மாதிரி பாத்துக்கற." அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சிறுநீரகம் தளர்ந்த எலி எவ்வளவு சாது தெரியுமா? கூண்டைத் திறந்தால் ஓடாது. உள்ளங்கையில் ஏறித் தலையைச் சாய்த்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்கும், தூங்கும், விழித்தால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்று உங்கள் கையை நம்பி உட்கார்ந்தால் உங்களுக்கும் மனசு குளிர்ந்துபோகும்.

என் கணவர் லிஃப்ட் பொருத்துகிறவர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷர். "இந்த ஒரு கட்டடத்த மட்டும் முடிச்சுட்டு வந்துடறேம்மா," என்பார். ஊரில் கட்டடத்துக்கா பஞ்சம்? இருபது மாடிக்கு லிஃப்ட் போட்டுக் கொடுப்பவருக்கு எங்கள் முதல் மாடிக்கு ஏறி வர நேரமில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை, ஐயா. ஆசைதான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியூரில் கரைத்துக் குடிக்கட்டும் என்று பால்பொடி டப்பா ஒன்று கலந்து கட்டிக் கொடுப்பேன். எத்தனை வேலை இருந்தாலும் மறக்காமல் குடிப்பார். போனில் கூப்பிட்டுக் குடித்துவிட்டதாகச் சொல்வார். அவரைப் போல ஒரு தங்கமான மனுஷர் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் பாதி வேலையில் திரும்பி வந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. "படியேற முடியலம்மா, மூச்சு வாங்குது. கொஞ்ச நாள் லீவு போட்டுடறேன்," என்றார். நான் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் எங்களுக்குக் கல்யாணமே ஆனது என்று சொல்லலாம். டயாலிசிஸுக்கு பஸ்ஸில் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்து போவோம். இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் அவர் கை என் கைக்குள் இருக்கும். பேப்பரில் வரும் கிசுகிசுவை நான் நடித்துக் காட்டுவேன். நர்ஸ் வந்து சிரிப்பை அடக்கச் சொல்லிவிட்டுப் போவாள். வீட்டுக்கு வந்தால் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போவார்.

மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. என்னுடையது பொருந்தியது. பின்னே, பொருந்தாமல் இருக்குமா? என் நாத்தனார் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க மனுஷியே இல்ல அண்ணி," என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அது அவருக்குள் போனதும் முகம் தெளிந்தது. பசி வந்தது, விசில் வந்தது. ஒரு காலை பரண்மேலிருந்து கருவிப் பெட்டி இறங்கிவிட்டது.

"புது ஆள் மாதிரி இருக்கேம்மா. ஒரே ஒரு கட்டடம், போயிட்டு ஓடி வந்துடறேன்."

என்னுடைய ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னையே விட்டுவிட்டுப் போகிறார். நியாயமா, ஐயா? பால்பொடி டப்பாவை மறுபடி எடுத்தேன். அடுத்தவர் பொருள் எதையும் நான் கெடுக்கவில்லை. அது என்னுடையதுதானே.

மாட்டிக்கொண்டது என் வாயால்தான். டாக்டர் எங்களை உட்காரவைத்து, மெதுவாக, "புதுசா வெச்ச கிட்னியும் கெடுதும்மா. ஊசி போட்டு எடுத்த சதையில முதல் தடவ பாத்த அதே மாதிரி படிகங்க இருக்கு. எனக்கே புரியல," என்றார். எங்கள் கூடத்தில் ஒரு சோதனை ஒரு தடவை பலித்தால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். மறுபடி அப்படியே வந்தால்தான் கேக் வெட்டுவோம். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த சந்தோஷம், கையைத் தட்டிவிட்டேன்.

"ரெண்டு தடவையும் ஒண்ணே மாதிரியா? அப்போ மாடல் நிக்குது டாக்டர்," என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் கணவர் என் பக்கம் திரும்பினார். என் கூடத்தைப் பற்றி நான் ராத்திரியெல்லாம் சொன்ன கதைகளைக் கேட்டவர் அவர். மாடல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். என் கைக்குள் இருந்த தன் கையை உருவிக்கொண்டார்.

ஆமாம், ஐயா. முதல் தடவையும் நான்தான், இரண்டாவது தடவையும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரைச் சாகவிடுகிற எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. என்னிடம் இன்னொன்று இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நேற்று நாத்தனார் இந்த ஸ்டேஷனுக்கு வந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாராம். யார் எதைக் கொண்டுபோனாலும் வாயைத் திறப்பதில்லையாம். தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாராம். இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் சொன்னாராம். பாவம், என் கையால் சாப்பிட்டே பழகிவிட்டார், வேறு யார் கொடுத்தாலும் இறங்காது. ஒரு டம்ளர் பால் மட்டும் கலந்து தருகிறேன், ஐயா, யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.