வாரேன் என்று சொல்லாதவர்

சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் யூனிஃபார்மைக்கூட மாற்றாத ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர். பக்கத்தில், அதே வண்டியில் முதலுதவி பார்க்கும் பெண்.

"ஊட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. வேலைக்குக் கெளம்பறப்போ நான் 'வாரேன்'னு சொல்றதில்லையாமா."

"ஏனுங்கண்ணா, இதுக்கெல்லாமா போவாங்க?"

"எழவு ஊட்ல சொல்லிட்டுக் கெளம்பக் கூடாதில்ல? நாம போய்ச் சேர்றதுக்குள்ளயே எத்தனை ஊட்ல உசுரு போயிருக்குது. அவங்க அழுவ ஆரம்பிச்சதும் சத்தமில்லாம வண்டிய எடுத்துட்டு வந்துடறோம். அதே பழக்கம் ஊட்லயும் வந்துடுச்சும்மா. பாப்பா டாட்டா காட்டுனாக்கூட வாய் வரமாட்டேங்குது."

"மனசுவிட்டுப் பேசறதுக்கு ஆபீஸ்ல ஒரு டாக்டர்கிட்ட அனுப்பினாங்களே?"

"போனேன். நல்ல மனுசன். ஒரு மணி நேரம் பொறுமையாக் கேட்டாரு. முடிஞ்சதும் எந்திரிச்சு, அவருகிட்டயும் சொல்லாம வந்துட்டேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப ஊட்டைப் பூட்டிட்டு, அந்தப் பூட்டுகிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்பறேன். அதுகிட்ட மட்டும் நல்லா வருது."

மல்லூரில் அவர் இறங்க எழுந்தார். "எங்கிட்ட ஒருதரம் சொல்லிட்டுப் போங்கண்ணா" என்றாள். படியில் நின்று வாயைத் திறந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். அவர் இறங்கிவிட்டார்.

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"நாளைக்கு டூட்டிக்கு வருவீங்கல்ல?"

அவர் கையை மட்டும் தூக்கினார்.