கசிந்த காற்று

ரப்பர் குழாயை யாரும் சந்தேகப்படுவதில்லை. நானும் படவில்லை.

ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாமலும் வளரும். ஆனால் கொழுப்புச் சத்து ஒன்றை நாம்தான் ஊட்டிவிட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால்தான் அதைத் தானே செய்துகொள்ளும். ஆக்சிஜனும் இல்லாமல், ஊட்டாமலே வளரும் ஈஸ்டை உலகுக்குக் கொடுத்தவன் நான். கட்டுரை வந்தது, விருது வந்தது, துறைத் தலைவர் நாற்காலி வந்தது. வாசலில் என் மார்பளவு ஓவியமும் வந்தது. மூக்குதான் சற்றுப் பெரிதாக வந்துவிட்டது.

ஈஸ்ட் வளரும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஆய்வக உதவியாளர். பத்தொன்பது வருட சர்வீஸ். எல்லோரும் அக்கா என்பார்கள். போன மாதம் அவர், பாட்டில்களுக்கு நைட்ரஜன் கொண்டுபோகும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு எஃகுக் குழாய் போட்டார். ஈஸ்ட் வளர்வது நின்றுவிட்டது.

"பழைய குழாய்ல காத்து கசிஞ்சிருக்கு சார். நாலு வருஷமா நம்ம ஈஸ்ட் திருட்டுத்தனமா மூச்சு விட்டுட்டு இருந்திருக்கு," என்றார். சிரிப்பு வேறு.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"நீங்கதானே சார், 'சிறு கசிவும் பெருங்குற்றம்'னு போர்டு மாட்டினீங்க?"

அது யாரோ பார்வையிட வந்தபோது மாட்டியது. அதை ஒருவர் படித்தும் விடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கட்டுரையை வாபஸ் வாங்கிடுங்க சார். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க சொல்லலேன்னா அதைப் போட்ட பத்திரிகைக்கு நானே எழுதிடுவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் பாட்டில் எண்ண வளர்ப்பறைக்குள் போனார். லிஃப்ட் அளவு அறை; நைட்ரஜன் வருகிற இடம். ஆக்சிஜன் குறைந்தால் கத்துவதற்குச் சுவரில் ஒரு கருவி உண்டு. அது வீணாகக் கத்தி வகுப்பைக் கெடுக்கிறது என்று ரொம்ப நாளாகப் புகார். அன்று காலை அதன் பேட்டரியைக் கழற்றினேன். அதைத்தான் இன்ஸ்பெக்டர், நீங்கள் என் மேசை டிராயரில் கண்டுபிடித்தீர்கள். தூக்கிப்போட மனம் வரவில்லை, அலுவலகச் சொத்து.

பிறகு வெளியிலிருந்து வால்வைத் திறந்தேன். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. அந்த வகையில் நாகரிகமான வாயு. கதவில் சாய்ந்து நின்றேன். என் எடை எண்பத்தெட்டு கிலோ.

இரங்கல் கூட்டத்துக்கு நானே தலைமை தாங்கினேன். ஈஸ்டுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று முன்மொழிந்ததும் நான்தான். அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தி வீட்ல பெருமையாத்தான் பேசுவா சார்," என்றார். ஆறுதலாக இருந்தது.

கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டீர்கள். கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "தலை சுத்துற மாதிரி இருக்கு சார், கதவைத் திறங்க," என்றார். "உட்காருங்கம்மா, சரியாயிடும்," என்றேன். உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருடத்தில் நான் அவரை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.