முகப்புப் பக்கத்தின் பழைய பிரதி

எங்கள் மலையூர் அலுவலகத்தின் இணையதளம் கண் இமைப்பதற்குள் திறந்துவிடும் ஐயா. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. முகப்புப் பக்கத்தை ஒருமுறை பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டுகிற செருகுநிரல் ஒன்று இருக்கிறது. புது அறிவிப்பு வெளியானால் பழைய பிரதியை அதுவே அழித்துவிடும். விடுமுறையில் ஆற்றுப்படுகை வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டம் அலைமோதும்போது அது அடிக்கடி பிரதியை அழித்ததில் தளம் திணறியது. அதனால் அந்தத் தானியங்கி வேலையை நிறுத்தி, பொத்தானை என் கையில் வைத்துக்கொண்டேன். அறிவிப்பு போட்டதும் எழுத்தர் பான் சூ-ச்சென் கூப்பிடுவாள். நான் பழைய பிரதியை அழிப்பேன். உள்நுழைந்து வேலை செய்கிற அவளுக்கு எப்போதும் புதுப் பக்கம்தான் தெரியும். வெளியே என்ன தெரிகிறது என்பதை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள்.

ஷி வென்-கை பயணிகளை ஊற்றுக்கு அழைத்துப் போகிறவன். வாய்த்துடுக்கு. ஆண்டிறுதி விருந்தில் ஊர்த்தலைவர் முன்னால் என்னைக் காட்டி, "அண்ணனுக்கு என்ன குறைச்சல், மாசத்துக்கு நாலு தடவ பொத்தான அமுக்கணும். ஒரு குரங்கப் பழக்குனா அதுவும் அமுக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அது சுருக்கென்று தைத்தது.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு சூ-ச்சென் அறிவிப்பு போட்டாள். ஒன்பது மணிக்கு மேலணை மதகு திறக்கும், யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது.

"அண்ணே, போட்டுட்டேன். வெளிய தெரியுதா?"

என் கைபேசியில் நேற்றைய பக்கம் இருந்தது. ஆற்றில் இறங்கலாம் என்றது.

"தெரியுதும்மா" என்றேன்.

வென்-கை வாயில்தான் விளையாட்டு, தொழிலில் கவனமானவன். பாலத்தருகே நின்று பக்கத்தைப் பார்க்காமல் இறங்க மாட்டான். கீழே பள்ளத்தில் அபாயச் சங்கு கேட்காது, கைபேசிக்குச் சிக்னலும் கிடைக்காது. அன்றும் பார்த்துவிட்டுத்தான் பதினோரு பேரோடு இறங்கியிருக்கிறான்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அறிவிப்பு வெளியே தெரிகிறதா என்று பார்க்காமல் விட்டாள் என்று பழி சூ-ச்சென் தலையில் விழுந்தது. "என் கண்ணால பாத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அவளுக்காக வருத்தப்படுகிறேன்.

நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. அவன் பாதி வழியில் விஷயம் தெரிந்து திரும்பி, வந்தவர்கள் முன் அசடு வழிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். உயிர்ச்சேதம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவியும் அவன் கூட்டத்தோடு போவதாக இருந்தாள். துண்டுகூட மடித்து வைத்தாயிற்று. வயிறு வலிக்கிறது, என்னை விட்டுப் போகாதே என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த வலிதான் தன் உயிரைக் காத்தது என்று இன்றைக்கும் கோயிலில் ஊதுபத்தி ஏற்றி வருகிறாள்.

எனக்கு அன்று வயிற்றுவலி எதுவும் இல்லை ஐயா.